கார்டு கடனுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தால்

"48 மணி நேரத்தில் கட்டாவிட்டால் கைது" என்று வாட்ஸ்அப்பில் சிவப்பு எழுத்தில் வருகிறதா? கிரெடிட் கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்ட முடியாமல் போனதற்காக மட்டும் போலீஸ் வராது. (கொடுத்த செக் திரும்பினால் கதை வேறு, அது நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்தின் 138-வது பிரிவு, கிரிமினல் வழக்கு.)

வக்கீல் நோட்டீஸ் வேறு, கோர்ட் சம்மன் வேறு. சம்மனில் வழக்கு எண்ணும் ஆஜராக வேண்டிய தேதியும் இருக்கும். அதை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலேயே, தீர்ப்பாகிவிடும்.

பழைய ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கடைசியாகப் பணம் கட்டிய தேதியைப் பாருங்கள். வழக்குப் போட பொதுவாக 3 வருடம்தான் கெடு. "ஒரு 500 ரூபாயாவது போடுங்க சார்" என்று ஏஜென்ட் குழைந்தால் யோசித்துச் செய்யுங்கள். கெடுவுக்குள் கொஞ்சம் கட்டினாலோ, கடனை எழுதி ஒப்புக்கொண்டாலோ அந்த 3 வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடலாம்.

செட்டில்மென்ட் (பாக்கியைக் குறைத்துக் கட்டி முடிப்பது) பேசலாம், தப்பில்லை. ஆனால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும், அடுத்த லோனுக்கு இடிக்கும். தொகையும் தேதியும் போட்ட கடிதம் பேங்கின் சொந்த மெயிலிலிருந்து வந்த பிறகே பணம் அனுப்புங்கள். ஏஜென்ட்டின் ஜிபேவுக்கு அல்ல, கார்டு கணக்குக்கு.

காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் போன் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் கால் லாக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதலில் பேங்குக்கே புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம்.