வள்ளி திருமணம்: ஊர்க் கொடையையும் மண்டபத்தையும் ஒப்பிடும்போது செய்யும் தவறுகள்

ஊர்க் கோயில் கொடை விழாவில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம் (முருகன் வள்ளியை மணக்கும் கதை) ஒரு பக்கம். பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்தில் செட்டும் கலர் லைட்டுமாக இரண்டரை மணி நேரத்தில் முடியும் வள்ளி திருமணம் இன்னொரு பக்கம். எது உசத்தி என்று பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் மேடையில் எத்தனை பேர் என்ற கணக்கில்தான் போய் நிற்கும். அது முதல் தவறு.

ஊர் மேடையில் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் (பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிப்பது), ஜால்ரா, அவ்வளவுதான். ஆனால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியம் இல்லை. சுருதி கொடுப்பார், பின்பாட்டுப் பாடுவார், நடுவில் வாயும் கொடுப்பார். ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், தாளமில்லாமல் பாடும் விருத்தத்தை இழுத்தால் கூடவே இழுப்பார். முன்கூட்டியே பதிவுசெய்த இசைக்கு நடிக்கும் பெரிய மேடையில் இது நடக்காது. அங்கே பாட்டு முடிகிற நொடி முதலிலேயே முடிவாகிவிட்டது.

அடுத்தது, ஒத்திகையை மறப்பது. ஊர்க் கொடையில் நடப்பது ஸ்பெஷல் நாடகம், நடிகர்களைத் தனித்தனியாக அழைத்துச் சேர்ப்பது. அதில் ராஜபார்ட் ஓர் ஊர், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறு ஊர். பல சமயம் அன்று ராத்திரி ஒப்பனை அறையில்தான் சந்திப்பார்கள். மேஜைமேல் துணியை விரித்தால் அதுதான் வள்ளி தினைப்புனம் காக்கும் பரண். நாரதர் வந்து வள்ளியோடு தர்க்கம் தொடங்கியதும் இவர் கேட்பதற்கு அவர் அங்கேயே பதில் கட்ட வேண்டும். இதில் ஒரு வரி தடுமாறினால் குறையே இல்லை. மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த குழு தடுமாறினால் குறைதான்.

தொடக்கத்தில் வரும் பபூன், டான்ஸ் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டு, ‘ஊர் நாடகம் வெறும் காமெடி’ என்பவர்களும் உண்டு. நாரதர் வரவே நள்ளிரவு தாண்டும், சார்!

பெரிய மேடை புதுசாக வந்த கெடுதல் என்பதும் சரியில்லை. தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த, வள்ளி திருமணம் நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளே 1918-இல் மதுரையில் பாலர் சபா (சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழு) நடத்தியவர். அப்போதே கம்பெனி நாடகங்கள் உண்டு. பாடகர்-நடிகர் செங்கோட்டை கிட்டப்பா காலத்தில் மைக் பரவவில்லை, கடைசி வரிசை வரை எட்டவே உச்சக் கட்டையில், அதாவது உச்ச சுருதியில் பாடினார்கள். அதே கட்டையை இன்று மூடிய மண்டபத்தில் மைக் வைத்துப் பாடினால் காது வலிக்கும். பாடுபவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் வள்ளி–நாரதர் தர்க்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு இடத்திலும் முழுசாகப் பாருங்கள். செல்போனில் எடுத்த கொடை வீடியோவை நம்ப வேண்டாம். அதில் குழாய் ஸ்பீக்கர் இரைச்சல்தான் பாதி.