கார் சீட் கிழிசல்: ஒட்டு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒட்டுப் போட்ட சீட் மறுபடி கிழியும்போது பெரும்பாலும் ஒட்டிய இடத்திலேயே கிழிவதில்லை. அரை அங்குலம் தள்ளி, ஒட்டின் விளிம்பை ஒட்டினாற்போலக் கிழியும். சீட் ஒவ்வொரு முறையும் அமுங்கி எழும் பொருள். அதில் ஓரிடம் மட்டும் விறைப்பாகிவிட்டால், விறைப்பும் இளக்கமும் சந்திக்கிற கோட்டிலேயே மடிப்பு விழுந்துகொண்டே இருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல், வேலை உறுதியாக இருக்கட்டும் என்று நினைத்து இந்த விறைப்பை நாமே உண்டாக்குவதுதான்.

முதல் குற்றவாளி சூப்பர் க்ளூ. ஒரு சொட்டு விட்டதும் பிடித்துக்கொள்ளும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் காய்ந்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை அதற்கு. துணி சீட்டில் விட்டால் நூலுக்குள் இறங்கி அந்தப் பகுதியைக் கட்டையாக்கிவிடும். அடியிலுள்ள ஃபோமில் பட்டால் அங்கும் ஒரு கட்டி. பிறகு முறையாகச் செய்ய நினைத்தாலும் அந்தக் கட்டியை வெட்டி எடுக்காமல் முடியாது. அரை அங்குலக் கிழிசல் இரண்டு அங்குல ஓட்டையாகிவிடும். மேலே டேப் ஒட்டுவதும் இப்படித்தான். வெயிலில் நிற்கும் காரில் டேப்பின் பசை இளகி, ஓரங்களில் வழிந்து, அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எந்த ஒட்டும் அங்கே சரியாகப் பிடிக்காது.

கிழிந்தது என்ன பொருள் என்று பார்க்காமல் தொடங்குவது அடுத்த தவறு. "லெதர் சீட்" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை தோல் அல்ல. பிவிசி ரெக்சின் அல்லது பியு (பாலியூரித்தேன்) பூசிய துணி. கிழிசலின் ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். அடியில் நெய்த அல்லது பின்னிய துணி தெரிந்தால் அது செயற்கை. பஞ்சு போன்ற நார் மட்டும் தெரிந்தால் தோல். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்து வருகிற பியு சீட்டுக்கு ஒட்டு வேலையே கிடையாது. இன்று ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் நாளை உரியும். அந்தப் பேனலை மாற்றுவதுதான் வழி.

நடுப் பகுதியில் விழுந்த கிழிசலுக்கு மேலே துண்டு ஒட்டாதீர்கள்; உள்ளே ஒட்டுங்கள். மெல்லிய கேன்வாஸ் அல்லது பழைய ஜீன்ஸ் துணியை, கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். இழுத்தால் நீளும் துணி சீட் என்றால் உள்துண்டும் கொஞ்சம் நீளவேண்டும். மூலைகளை வட்டமாக வெட்ட மறக்க வேண்டாம், கூர்மூலைதான் முதலில் எழும்பும். கிழிசல் வழியாகத் துண்டை நுழைத்து, இடுக்கியால் உள்ளே தட்டையாக விரியுங்கள். பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்தவேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஈரமாக அழுத்தினால் கரைப்பான் உள்ளேயே சிக்கி, நாள்கணக்கில் வழுக்கிக்கொண்டிருக்கும். கதவுகள் திறந்திருக்கட்டும், அந்த ஆவி எளிதில் தீப்பிடிக்கும்.

ரெக்சினில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிவிசியை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் மெதுவாக வெளியே கசியும். சாதாரண ரப்பர் பசையை அது இளக்கிவிடுவதால், ஆறு மாதம் கழித்து ஒட்டு தானாகவே நகரும். பிவிசிக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கும் பியு பசையைக் கேட்டு வாங்குங்கள். சீட்டுக்குப் பளபளப்பு பாலிஷ் போடுகிற பழக்கம் இருந்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடைத்த பிறகே பசையைத் தொடவேண்டும். தின்னர், அசிட்டோன் வேண்டாம், மேல்பூச்சையே கரைத்துவிடும்.

தையல் விட்ட இடம் வேறு கதை. அங்கே பொருள் கிழியவில்லை, நூல்தான் போயிருக்கிறது. பழைய ஊசித் துளைகள் அப்படியே இருக்கும். வளைந்த ஊசியால் அதே துளைகள் வழியாகத் தைப்பதுதான் சரி. புதுத் துளைகளை நெருக்கமாகப் போட்டால், தபால்தலைத் தாளில் இருக்கும் துளைவரிசை மாதிரி ஆகிவிடும். இழுத்தால் கோடாகக் கிழியும். ரெக்சினில் ஒரு தையலுக்கு 4 முதல் 5 மி.மீ. இடைவெளி போதும். பருத்தி நூல் வியர்வையிலும் வெயிலிலும் இற்றுப்போகும். நைலான் வலுவானதுதான், ஆனால் கண்ணாடி வழியே வரும் வெயிலைத் தாங்குவதில் பாலியஸ்டர் அதைவிட மேல். தோல் ஊசியின் முனை வெட்டும் வகை. அதைத் துணி சீட்டில் பயன்படுத்தினால் இழைகளை அறுத்துக்கொண்டே போகும்.

ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்க மேடு மட்டும் கிழிந்திருந்தால், ஒட்டுப் போடும் முன் கையால் அழுத்திப் பாருங்கள். ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த மேட்டில் தேய்ந்து உள்ளே ஃபோம் நொறுங்கியிருக்கும். சில சமயம் கம்பியே கையில் தட்டுப்படும். ஃபோமைச் சரிசெய்யாமல் மேலே மட்டும் மூடினால் ரெக்சின் தொங்கி, கம்பியில் உரசி, மறுபடி கிழியும். பள்ளத்தை நிரப்பச் சாதாரண மெத்தை ஸ்பாஞ்ச் போதாது. 40 டென்சிட்டி (கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தி) ஃபோமை அளவாகச் சீவி ஒட்டவேண்டும். சீட் உறையைக் கழற்ற நேர்ந்தால் அடியில் உறையை இழுத்துப் பிடித்திருக்கும் ஹாக் ரிங் என்ற கம்பி வளையங்களைக் கட்டரால் வெட்டி எடுங்கள். பிடுங்கினால் உறையின் உள்பட்டை கிழிந்து, புது வேலை ஒன்று சேரும்.

இனி சொல்வதில் பணம் மட்டுமல்ல, உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. சீட்டின் முதுகுப் பகுதியில் கதவுப் பக்க ஓரமாக 'ஏர்பேக்' என்ற சின்ன டேக் இருந்தால், அந்த ஓரத்துத் தையலைத் தொடவே கூடாது. மோதலின்போது பை விரிய வழிவிட்டு உடையும்படி வேண்டுமென்றே அமைத்த தையல் அது. அதன்மேல் கெட்டி நூல், பசை, ஒட்டு, இறுக்கமான சீட் கவர் எதைப் போட்டாலும் பை தாமதமாக அல்லது தவறான திசையில் விரியலாம். அங்கே கிழிந்தால் அதற்கென்றே வரும் உறையைத்தான் மாற்றவேண்டும். சீட்டை இறக்குவதாக இருந்தால் இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 3 நிமிடம் விட்டுவிட்டு அடியில் உள்ள ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரைத் தொடுங்கள். கார் கையேடு கூடுதல் நேரம் சொன்னால் அதுவே கணக்கு. கனெக்டர் கழன்ற நிலையில் சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு எரியும். பல கார்களில் அதை அணைக்க ஸ்கேனர் தேவைப்படும்.

உண்மையான தோலில் சிறு கிழிசலுக்கு ஃபில்லர் போடுபவர்கள் ஒரே தடவையில் பள்ளத்தை நிரப்பிவிடுகிறார்கள். மேலே காய்ந்து உள்ளே பச்சையாக நின்று, பிறகு வெடிக்கும். மெல்லிய மூன்று நான்கு பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் போடவேண்டும். நிறம் தேர்வதற்கு ஹெட்ரெஸ்ட்டின் அடியில் வெயில் படாத இடத்தைக் காட்டாதீர்கள். கிழிந்த இடம் வெளுத்திருக்கும், அதோடுதான் நிறம் ஒத்துப்போகவேண்டும். முதலில் ஓரமாக ஒரு புள்ளி வைத்து, காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் எல்லா நிறமும் அடர்த்தியாகத்தான் தெரியும்.

வேலை முடிந்த சீட்டில் 24 மணி நேரத்துக்கு யாரும் உட்காரவேண்டாம்.