லைப்போசோம் கீமோ ஏறும் நாளும் அடுத்த வாரமும்: கூட இருப்பவருக்கு

சினைப்பைப் புற்றுநோய் திரும்பி வந்தவர்களுக்கு எழுதப்படும் நானோ மருந்துகளில் முக்கியமானது லைப்போசோமல் டாக்ஸோரூபிசின். டாக்ஸோரூபிசின் என்ற அதே பழைய 'சிவப்பு மருந்து'தான். சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புக் குமிழிக்குள் (அதுதான் லைப்போசோம்) அடைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1995-இல் அனுமதி கிடைத்தது. பழைய மருந்தைவிட இதயத்துக்குப் பாதிப்பு குறைவு, முடியும் அவ்வளவாகக் கொட்டாது. பக்கவிளைவே கிடையாது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள்.

சீட்டில் 'லைப்போசோமல்' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழையதும் சிவப்பு, இதுவும் சிவப்பு. ஆனால் இது லேசாகக் கலங்கலாக இருக்கும். அளவும் வேறு என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடவே கூடாது. முன்பு சிவப்பு மருந்து ஏற்றியிருந்தால் எவ்வளவு ஏறியது என்ற கணக்கையும் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டையும் ஃபைலில் வையுங்கள்.

வெளியே வாங்கிவரச் சொன்னால் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் கொண்டுவர வேண்டும். தெர்மாகோல் பெட்டி, ஜெல் பேக், நடுவில் மடித்த துணி போதும். காசிமேட்டு மீன் துறைமுகத்து ஐஸ்கட்டி மேல் நேராக வைக்காதீர்கள், உறையக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கலப்பது 5% டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் நீர்) மட்டும்: 90 மி.கி. வரை 250 மி.லி., அதற்கு மேல் 500 மி.லி. சலைன் (உப்பு நீர்) கூடாது, ஃபில்டர் செட் கூடாது. நிமிடத்துக்கு 1 மி.கி. என்று மெதுவாகத் தொடங்குவார்கள். முதல் தடவையில், அதுவும் முதல் சில நிமிடங்களில்தான் ஒவ்வாமை மாதிரி வரும்: முகம் சிவத்தல், முதுகுவலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத்திணறல். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். 'சீக்கிரம் ஏத்துங்க, பஸ் போயிடும்' என்று அவசரப்படுத்தாதீர்கள். ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தமல்ல.

உண்மையான தொல்லை கை கால்களில். குமிழிகள் பல நாள் ரத்தத்தில் சுற்றும். அழுத்தமும் சூடும் உரசலும் படும் இடத்தில் நுண்குழாய்களிலிருந்து தோலுக்குள் கசியும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு உள்ளங்கை எரியும், சிவக்கும், கொப்பளிக்கும். மீன் விற்கும் அம்மாக்களுக்கு இது இரட்டைக் கஷ்டம்: கத்திப்பிடியை இறுக்கிப் பிடிப்பது, செதில் சுரண்டுவது, பேசினைத் தூக்குவது, நாள் முழுக்க நிற்பது எல்லாமே உள்ளங்கையையும் பாதத்தையும் அழுத்தும். மருந்து ஏறிய பின் ஒரு வாரம் கடைக்கு வேறு ஆள் வையுங்கள். வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பது, துணி பிழிவது, சுடுநீர்க் குளியல், இறுக்கமான செருப்பு, வளையல் வேண்டாம். வாசனை இல்லாத கிரீமைத் தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். கொப்புளம் வந்தால் அடுத்த டோஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடுவார்கள், அல்லது அளவைக் குறைப்பார்கள். மறைத்தால் தோல் உரியும்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால், மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிகிச்சை சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் என்றாலும், ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்கள் ராத்திரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப்பிரிவுக்கே போகலாம். கையில் ஃபைல் இருக்கட்டும். 'கீமோ பேஷண்ட்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.