உதவித்தொகை: தேடுவதில் தொடங்கி, பணம் கணக்கில் ஏறும் வரை

அக்கா மகள் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் (தேசிய வருவாய்வழி, திறன் உதவித்தொகை) தேர்வு எழுதித் தேறினாள். மாதம் 1,000 ரூபாய், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு முடியும் வரை. சொந்தபந்தம் எல்லாருக்கும் சொல்லியாயிற்று, பணம் மட்டும் வரவில்லை. எட்டு மாதம் அலைந்த பிறகுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. அந்தக் கதை நான்காம் படியில் வருகிறது. படிவத்தில் பெயர், முகவரி நிரப்புவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: தேடும் முன் ஒரு தாள் எடுங்கள்

கூகுளில் நேராக 'ஸ்காலர்ஷிப்' என்று தட்டாதீர்கள். கடைசித் தேதி முடிந்துபோன திட்டங்களும், உள்ளே நுழையும் முன்பே செல்பேசி எண் கேட்கும் தளங்களும்தான் வந்து குவியும். முதலில் ஐந்து விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வகுப்பு, பள்ளி அரசா உதவி பெறுவதா தனியாரா, பெற்றோரின் ஆண்டு வருமானம், சமூகப் பிரிவு, போன ஆண்டு மதிப்பெண். இதை வைத்துப் பார்த்தாலே பாதித் திட்டங்கள் கழிந்துவிடும்.

என்எம்எம்எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், வருமானம் 3.5 லட்சத்துக்குள், ஏழாம் வகுப்பில் 55 சதவீதம், எஸ்சி, எஸ்டி என்றால் 50. எழுத முடிவது எட்டாம் வகுப்பில் மட்டும்தான். ஒன்பதில் கேள்விப்பட்டுப் பயனில்லை.

படி 2: இரண்டே தளங்கள் போதும்

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தளம். என்எம்எம்எஸ், கிராமப்புற மாணவர்களுக்கான டிரஸ்ட் தேர்வு, பதினொன்றாம் வகுப்பினருக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எல்லாம் அங்கேதான் அறிவிப்பாகும். கடைசியாகச் சொன்னதில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு. தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது.

மத்திய அரசுத் திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகைத் தளம், அதாவது என்எஸ்பி. கல்லூரியில் சேர்ந்தவர்கள் இதில் மத்திய துறை (சென்ட்ரல் செக்டர்) உதவித்தொகைத் திட்டத்தையும், பொறியியல் அல்லது பாலிடெக்னிக் படிக்கும் பெண்கள் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகையையும் (ஆண்டுக்கு 50,000) பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில், அல்லது உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்துக்குக் கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள்.

திட்டங்களைத் திரட்டிப் போடும் தனியார் தளங்களைப் பெயர் தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதியை அசல் தளத்தில்தான் பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளைக் குறித்துவைக்க நாள்காட்டிச் செயலிகள் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் கைகொடுத்தது பீரோக் கதவில் ஒட்டிய தாள்தான்.

போட்டிகள் பற்றி ஒரு வார்த்தை. கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஐஓக்யூஎம், அதாவது கணித ஒலிம்பியாட்டுக்கான இந்தியத் தகுதித் தேர்வு. மூன்று மணி நேரம், 30 கேள்வி. சர்வதேச ஒலிம்பியாட் வரை போகும் பாதையின் முதல் படி அது. புரோகிராமிங் தெரியாத பிள்ளைக்குக்கூட மண்டலத் தகவலியல் ஒலிம்பியாட் (இசட்ஐஓ) ஏற்றது. காகிதத்தில் யோசித்து விடை காண்பதுதான் வேலை, என் ஓட்டு அதற்கே. பெயரில் மட்டும் ஒலிம்பியாட் வைத்துக்கொண்டு பாடத்துக்கு ஒரு கட்டணம் வாங்கும் தேர்வுகள் நிறைய உண்டு. மெடல் வரும், அலமாரியில் இருக்கும். அப்புறம், என்டிஎஸ்இ என்ற தேசியத் திறனறித் தேர்வு 2021-க்குப் பின் நடக்கவில்லை, அறிவியல் மாணவர்களுக்கான கேவிபிஒய் உதவித்தொகைத் தேர்வு 2022-இல் நின்றுபோனது. இரண்டுக்கும் கைடு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

படி 3: இனிஷியல்

ஆதாரில் 'எம். கவிதா', பள்ளிப் பதிவேட்டில் 'கவிதா எம்', பாஸ்புக்கில் 'கவிதா முருகேசன்'. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கணினிக்கு மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகிவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு. அதனால் பள்ளிப் பதிவேட்டில் உள்ளதைச் சரிபார்த்து உறுதி செய்துகொண்டு, மற்ற இரண்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி வாரம் போனால் வரிசையும் நீளம், சர்வரும் மெதுவு.

படி 4: ஆதார் 'இணைப்பு' வேறு, 'சீடிங்' வேறு

நாங்கள் விழுந்த பள்ளம் இதுதான். என்எம்எம்எஸ் பணத்துக்காக என்எஸ்பியில் நிரப்பிய படிவத்தில் அக்கா மகளின் புதுக்கணக்கின் எண்ணைக் கொடுத்திருந்தோம். கிளையில் போய்க் கேட்டால், "ஆதார் லிங்க் ஆகியிருக்கு சார், உங்க பக்கம் பிரச்சனை இல்ல" என்றார்கள். பள்ளியில் கேட்டால், "நாங்க அப்பவே அனுப்பிட்டோம்." என்எஸ்பியில் பார்த்தால் எல்லாக் கட்டமும் பச்சை.

விஷயம் என்னவென்றால், கணக்கு தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று என்பிசிஐ (தேசியக் கொடுப்பனவுக் கழகம்) பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. இதுதான் 'சீடிங்'. ஓர் ஆதாருக்கு அந்தப் பட்டியலில் ஒரே வங்கிதான் இருக்கும். கடைசியாக எதை ஏற்றினோமோ அது. பணம் ஆதாரைப் பார்த்துப் போகிறது, நாம் படிவத்தில் எழுதும் கணக்கு எண்ணைப் பார்த்து அல்ல.

மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போய், வங்கி சீடிங் நிலையைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். வங்கியின் பெயரும், 'ஆக்டிவ்' என்ற சொல்லும் வர வேண்டும். எங்களுக்கு வந்தது வேறொரு வங்கியின் பெயர். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கு வந்த முகாமில் தொடங்கிய கணக்கு. பாஸ்புக் அக்கா வீட்டுப் பரணில், பழைய புத்தகப் பைக்குள் கிடந்தது. பதிவு போட்டுப் பார்த்தால் 12,000 ரூபாய் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது!

மாற்ற வேண்டுமென்றால், வேண்டிய வங்கிக்கிளையில் 'டிபிடிக்கு (அரசுப் பணம் நேராகக் கணக்கில் ஏறுவதற்கு) ஆதார் சீடிங்' என்று சொல்லியே ஒப்புதல் படிவம் கேளுங்கள். வெறுமனே 'ஆதார் லிங்க்' என்றால் ஏற்கெனவே ஆகிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்கள். சில நாள் கழித்து நிலையை மறுபடி பாருங்கள்.

படி 5: அனுப்பிய பிறகு

என்எஸ்பியில் 'சமர்ப்பி' அழுத்தியதோடு முடிவதில்லை. பள்ளியோ கல்லூரியோ தன் லாகினில் சரிபார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. விண்ணப்ப எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி, பொறுப்பாசிரியர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். குறை என்று திருப்பி அனுப்பினால் திருத்தலாம், அதற்கும் தேதி இருக்கிறது.

பின்சேர்க்கை: பின்னூட்டத்தில் இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள்: ஓடிபி வரவில்லை. ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய எண். அதை ஆதார் மையத்துக்கு நேரில் போய் மாற்றிக்கொள்ளலாம். எனவே நான்காம் படிக்கு முன் அதை முடியுங்கள்.

இன்னொன்று: அடுத்த ஆண்டு 'ரினியூவல்' என்பதில் விண்ணப்பிக்க வேண்டும், 'ஃப்ரெஷ்' என்பதில் அல்ல. நாங்கள் போன ஆண்டு கிட்டத்தட்ட தப்பான பொத்தானை அழுத்தியிருப்போம். கத்தித் தடுத்தது அக்கா மகள்தான்.