நகரத்தின் ஃபைபர் இழைகளைத் தனியார் நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்வது எப்படி?

போக்குவரத்து சிக்னல்கள், கண்காணிப்புக் கேமராக்கள், நீரேற்று நிலையங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றை இணைப்பதற்காக, மெல்லிய கண்ணாடி இழைகளில் ஒளி வழியே தகவலைக் கடத்தும் ஃபைபர் கேபிள் பதிக்கும் நகர நிர்வாகங்கள், தேவைக்குப் பல மடங்கு அதிகமான இழைகள் கொண்ட கேபிளையே பதிப்பது வழக்கம். பள்ளம் தோண்டுவதற்கும் சாலையைச் சீரமைப்பதற்குமே பெரும்பகுதிப் பணம் போகிறது. 48 இழைக் கேபிளுக்குப் பதிலாக 144 இழைக் கேபிளை வாங்குவதால் கூடும் செலவு அதன் முன் சிறியது. இப்படிப் பயனின்றிக் கிடக்கும் இழைகளைக் கேட்டு ஓர் இணையச் சேவை நிறுவனம் வந்தால், நிர்வாகம் செய்ய வேண்டியவை இவை.

முதல் வேலை கணக்கெடுப்பு. அலுவலக வரைபடத்தை மட்டும் நம்பிப் பேச்சுவார்த்தைக்கு உட்காரக் கூடாது. கேபிள் பதித்த நாளின் நிலையை அது காட்டுமே தவிர, பிறகு நடந்த வெட்டுகளையும் இணைப்புகளையும் காட்டாது. இழைகள் பெரும்பாலும் கேபிளுக்குள் உள்ள டியூப் எனப்படும் சிறு குழாய்களில், டியூபுக்கு 12 வீதம், நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு எனத் தொடங்கும் நிற வரிசையில் அமைந்திருக்கும். நள்ளிரவுப் பழுதுபார்ப்பில் நீலத்தை ஆரஞ்சோடு இணைத்துவிட்டுப் பதிவேட்டில் குறிக்காமல் போனவர்கள் எந்த நகரத்திலும் இருப்பார்கள். ஆகவே, காலியாக உள்ள ஒவ்வோர் இழையையும் ஓடிடிஆர் கருவியால் (இழைக்குள் ஒளித் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு எந்த இடத்தில் எவ்வளவு ஒளி இழப்பு என்று காட்டும் கருவி) 1310, 1550 நானோமீட்டர் ஆகிய இரண்டு அலைநீளங்களிலும் சோதிக்க வேண்டும். நல்ல இழையில் கிலோமீட்டருக்கு ஏற்படும் இழப்பு முன்னதில் சுமார் 0.35 டெசிபலாகவும் பின்னதில் சுமார் 0.2 டெசிபலாகவும் இருக்கும். ஓரிடத்தில் 1310இல் ஏறக்குறைய எதுவும் தெரியாமல் 1550இல் மட்டும் திடீர்ச் சரிவு தெரிந்தால், அங்கே இழை இறுக்கமாக வளைந்திருக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் இழைகளை ஒட்டி வைத்திருக்கும் ஜாயின்ட் பெட்டிக்குள்தான் இருக்கும். ஒப்பந்தத்துக்கு முன்பே பெட்டியைத் திறந்து அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

எத்தனை இழைகளைக் கொடுக்கலாம் என்பதை மொத்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. நகரம் முழுவதும் 144 இழைகள் இருந்தாலும், ஆற்றுப் பாலத்தின் மீது 24 இழைக் கேபிள்தான் போகிறது என்றால், அந்தப் பாலமே அவ்வழியின் கொள்ளளவைத் தீர்மானிக்கிறது.

அடுத்து, எதைப் பகிர்வது என்ற கேள்வி. ஒளி பாயாத வெறும் இழையை, அதாவது டார்க் ஃபைபரை வாடகைக்குக் கொடுக்கலாம். ஓர் இழையில் செல்லும் பல அலைநீள ஒளிகளில் ஓர் அலைநீளத்தை மட்டும் கொடுக்கலாம். இணைப்பு வேகத்தையே சேவையாக விற்கலாம். கடைசி இரண்டுக்கும் நகரமே கருவிகளை வாங்கி, அவற்றை இரவுபகலாகக் கண்காணிக்க ஆட்களை வைத்திருக்க வேண்டும். அத்தகைய அமைப்பு ஏற்கெனவே இல்லாத நகரத்துக்கு டார்க் ஃபைபரே பொருத்தம் என்பது என் கருத்து. ஸ்டாக்ஹோம் நகரத்துக்குச் சொந்தமான ஸ்டோகாப் நிறுவனம் 1994 முதல் இந்த வழியிலேயே செயல்படுகிறது. தானே வீடுகளுக்கு இணையம் விற்காமல், கேட்கும் நிறுவனங்களுக்கெல்லாம் இழைகளை வாடகைக்குக் கொடுக்கிறது. அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில் நகரத்தின் பொதுப் பயன்பாட்டு நிறுவனம் 2016இல் கூகுள் ஃபைபருடன் செய்துகொண்ட ஏற்பாட்டிலும், நகரத்தரப்பு கட்டிய வலையமைப்பின் இழைகளைத்தான் தனியார் வாடகைக்கு எடுத்தார்கள். பிற நிறுவனங்களுக்கும் கதவு அடைக்கப்படவில்லை. ஏகபோக உரிமை கேட்கும் நிறுவனத்திடம் இதைச் சுட்டிக்காட்டலாம்.

ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் நீண்டது. 20 ஆண்டுப் பயன்பாட்டு உரிமை என்பது இத்தொழிலில் சாதாரணம். அவ்வளவு காலத்தில் நிறுவனம் கைமாறலாம், திவாலாகலாம், சாலையை அகலப்படுத்துவதற்காகக் கேபிளையே இடம் மாற்ற நேரலாம். இவை ஒவ்வொன்றிலும் இழை யாரிடம் திரும்பும், செலவு யாருடையது என்பதைத் தனித்தனிப் பிரிவாக எழுத வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் வாடகையிலிருந்து தனியாக இருப்பது நல்லது.

அதிகக் கவனம் தேவைப்படும் பிரிவு பழுதுநீக்கத்துக்கான முன்னுரிமை. மண் தோண்டும் இயந்திரம் 144 இழைக் கேபிளை அறுத்துவிட்டால், ஊழியர் இழை இழையாக மேலுறையைச் சீவி, சுத்தம் செய்து, நேராக வெட்டி, உருக்கி ஒட்டி, பாதுகாப்புக் குழாயைச் சுருக்கி, தட்டில் அடுக்க வேண்டும். முழுவதும் முடியப் பல மணி நேரம் ஆகும். எந்த டியூப் முதலில் என்று அப்போது தொலைபேசியில் வாதாடுவதற்கு இடம் வைக்கக் கூடாது. இதற்காகவே வாடகைக்குப் போகும் இழைகளை முழு டியூப்களாக ஒதுக்க வேண்டும். நகரத்தின் இழைகளோடு ஒரே டியூபில் கலக்கக் கூடாது. அவசரச் சேவைகள் ஓடும் டியூப் முதலில், அதன் பிறகு மற்றவை எத்தனை மணி நேரத்துக்குள் என்று டியூப் எண்ணோடு எழுதிவிட்டால், பழுதின்போது பேசுவதற்கு எதுவும் இருக்காது. புதிய வாடிக்கையாளரை இணைப்பதற்காக நிறுவனத்தின் ஆட்கள் நகரத்தின் ஜாயின்ட் பெட்டியைத் தாமே திறப்பதையும் அனுமதிக்கக் கூடாது. நிறுவனத்துக்கென்று தனிப் பெட்டி அமைத்து, அங்கே அவர்களது டியூபை மட்டும் இறக்கிக் கொடுத்தால் போதும்.

வாடகையைப் பணமாகவே பெற வேண்டும் என்பதில்லை. நகரத்துக்குக் கேபிள் இல்லாத பகுதியில் நிறுவனம் புதிதாகப் பதிக்கும்போது, அதில் சில இழைகளை மாற்றாகக் கேட்கலாம். ஆனால் இரு தரப்பும் ஓர் இழைக்கு ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கணக்கில் மதிப்பிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இழைகளை ஒப்படைக்கும் நாளில் எடுத்த ஓடிடிஆர் வரைபடங்கள், இரு முனைகளிலிருந்தும் எடுத்தவையாக, இழை வாரியாகக் கையொப்பத்துடன் ஒப்பந்தத்தின் இணைப்பில் சேர வேண்டும். குத்தகை முடிந்து இழை திரும்பும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆதாரம் கிடைக்காது.