பழைய மோட்டார் படகுக்குப் பேட்டரி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் பண்ணை வீடோ ரிசார்ட்டோ வைத்திருப்பவர்கள் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பழைய ஃபைபர் படகை, பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு எஞ்சினோடு வாங்கி மலையேற்றிவிடுகிறார்கள். கூடவே வந்த பேட்டரி சீக்கிரமே டவுன் ஆகிவிடும். புதிது வாங்கும்போது எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே தப்புகளைத்தான் செய்கிறார்கள். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதை எல்லாம் இங்கே விட்டுவிடலாம். அதை ஒருமுறை செய்தவர் மறுபடி செய்யமாட்டார்.

எஞ்சினைப் பார்க்காமல் விலை உயர்ந்த பேட்டரி வாங்குவது

அதிகக் காசைத் தின்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாததும் இதுதான். "காசு போனா போகுது, நல்லதா போட்டுடலாம்" என்று ஏஜிஎம் பேட்டரி (ஆசிட்டைக் கண்ணாடி இழையில் ஊறவைத்து மூடி முத்திரையிட்டது) வாங்குகிறார்கள். இப்போது லித்தியமும் வாங்குகிறார்கள்.

பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் பலவற்றில் ஃபிளைவீல் காந்தமும் காயிலும் சேர்ந்து கரண்ட் தரும். ரெக்டிஃபயர் அதை டிசி ஆக்கும். அவ்வளவுதான், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கிடையாது. வேகம் கூடினால் வோல்டேஜ் ஏறும், அதைப் பிடித்து நிறுத்த பேட்டரியைத் தவிர வேறெதுவும் இல்லை. மூடி கழற்றித் தண்ணீர் ஊற்றும் சாதாரண ஆசிட் பேட்டரி இதைச் சமாளித்துவிடும். மிஞ்சிய கரண்ட் உள்ளிருக்கும் தண்ணீரை வாயுவாக்கி வெளியேற்றும்; குறைந்ததை நாம் ஊற்றிக்கொள்ளலாம். ஏஜிஎம்மில் ஊற்ற வழியே இல்லை. வால்வு திறந்து வாயு போகும், தகடுகளுக்கு நடுவே உள்ள கண்ணாடி இழை காயும், சூடேறிப் பக்கங்கள் உப்பும்.

லித்தியத்தில் இன்னும் மோசம். வோல்டேஜ் எல்லை மீறியதும் உள்ளிருந்து பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட் போர்டு சார்ஜை வெட்டிவிடும். அந்த நொடியில் காயிலுக்குச் சுமை இல்லாமல் போய் வோல்டேஜ் எகிறும். ரெக்டிஃபயர், ஆர்பிஎம் மீட்டர், மியூசிக் பிளேயர் என்று எது மாட்டியிருக்கிறதோ அது போகும்.

பிறகு நடப்பதும் எப்போதும் ஒன்றுதான். பேட்டரி வாரன்டியில் மாறும், மாற்றி வந்த பேட்டரியும் உப்பும். கடைக்காரர் "ஓவர் சார்ஜ், வாரன்டி வராது" என்பார். படகுக்காரர் கம்பெனியைத் திட்டிக்கொண்டே மூன்றாவது பேட்டரி வாங்குவார். கடைக்காரர் சொன்னது சரி என்று அப்போதும் தோன்றாது.

வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் போதும். ஆனால் இந்தச் சோதனையையே தப்பாகச் செய்கிறார்கள். பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியை வைத்து, ஐடிலில் பார்த்து, 13.2 வோல்ட் காட்டியதும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இறங்கிப்போன பேட்டரி வோல்டேஜைக் கீழே இழுத்துப் பிடிக்கும், அதனால் உண்மை தெரியாது. பழைய ஆசிட் பேட்டரி ஒன்றை வெளிச் சார்ஜரில் முழுக்க ஏற்றுங்கள். சில மணி நேரம் சும்மா வைத்தபின் 12.6 அல்லது 12.7 காட்ட வேண்டும். அதைப் படகில் மாட்டி, ஏரியில் இறக்கி, பாதித் திராட்டிலுக்கு மேல் பத்து நிமிடம் ஓட்டுங்கள். மீட்டரைப் பார்க்க இன்னொருவர் இருக்கட்டும். 14.5 பக்கத்தில் நின்றுவிட்டால் ரெகுலேட்டர் இருக்கிறது, வேலையும் செய்கிறது. 15ஐத் தாண்டி இன்னும் ஏறிக்கொண்டே போனால், இல்லை அல்லது செத்துவிட்டது.

அப்படியானால் மூடி உள்ள ஆசிட் பேட்டரியே போடுங்கள். ஏஜிஎம்தான் வேண்டுமென்றால், அந்த எஞ்சின் காயிலின் ஆம்பியருக்குப் பொருந்தும் ரெகுலேட்டரை முதலில் மாட்டுங்கள். பைக் மெக்கானிக் கையில் கிடைத்ததைக் கொடுத்தால் வாங்காதீர்கள். லித்தியத்தை இந்த எஞ்சினோடு நேரடியாக இணைக்கவே வேண்டாம்.

இன்வர்ட்டர் பேட்டரியை ஏற்றுவது

வீட்டில் சும்மா கிடக்கும் 150 ஏஎச் (ஆம்பியர் அவர், அதாவது கொள்ளளவு) டியூபுலர் இன்வர்ட்டர் பேட்டரியைப் படகில் வைக்கும் யோசனை வேலூரில் யாருக்காவது வந்துகொண்டேதான் இருக்கும். எடை 50 கிலோவைத் தாண்டும். எஞ்சினும் பின்னால், இதுவும் பின்னால் என்றால் படகின் பின்பக்கம் அமிழும். உயரமான பெட்டி என்பதால் திருப்பத்தில் சாயும், ஆசிட் சிந்தும்.

செல்ஃபுக்கும் பாட்டுக்கும் ஒரே பேட்டரி

கார் பேட்டரியின் தகடு மெல்லியது. சில நொடி செல்ஃப் அடிக்கத்தான் அது. தண்ணீர் வெளியேற்றும் பம்ப் 3 ஆம்பியர், மியூசிக் 4, லைட் 2 என்றால் நான்கு மணி நேரத்தில் 36 ஏஎச் போய்விடும். 70 ஏஎச் பேட்டரியில் பாதி. அடிக்கடி இப்படிப் பாதி வரை இறக்கினால் கார் பேட்டரி தாங்காது. செல்ஃபுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு டீப் சைக்கிள் (அடிக்கடி ஆழமாக இறக்கி ஏற்றினாலும் தாங்கும் வகை) ஒன்று என்று பிரித்துவிடுங்கள்.

சிசிஏ எண்ணுக்காகக் கூடுதல் விலை

சிசிஏ என்பது கடுங்குளிரில் செல்ஃப் அடிக்கப் பேட்டரி தரும் கரண்ட், மைனஸ் 18 டிகிரியில் அளந்த எண். எஞ்சின் மேனுவல் கேட்கும் அளவு இருந்தால் போதும்.

கேன் தண்ணீர்

பேட்டரியில் ஊற்ற டிஸ்டில்டு வாட்டர்தான் வேண்டும், குடிக்கிற ஆர்ஓ தண்ணீர் அது ஆகாது. பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சீசன் முடிந்ததும் மறந்துவிடுவது

மலையில் குளிர்ச்சி என்று நினைத்துப் பேட்டரியை மட்டும் கீழே தகர ஷெட்டில் போட்டுவிடுகிறார்கள். மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும். ஷெட்டுக்குள் இன்னும் அதிகம். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரி தானாக இறங்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இறங்கியே கிடந்தால் தகட்டில் சல்பேட் படியும், பிறகு எந்தச் சார்ஜரும் மீட்காது. நிழலில் வையுங்கள், மாதம் ஒருமுறை பாருங்கள், 12.4க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள்.

பழையதும் புதியதும் பேரலலில்

பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸ்ஸோடு மைனஸ் என்று இரண்டையும் சேர்ப்பது வேண்டாம். புதியது பழையதுக்குச் சமமாக இறங்கிவிடும்.

எஞ்சின் ஓடும்போது மெயின் ஸ்விட்சை அணைப்பது

பேட்டரி சட்டென்று விலகினால் ரெக்டிஃபயர் டயோடு போகும்.

கேபிளைப் பார்க்காமல் பேட்டரியைக் குறை சொல்வது

பழைய படகில் உறைக்குள் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும், வெளியே தெரியாது. எஞ்சின் பற்றாமலிருக்க கில் ஸ்விட்ச் (எஞ்சினை அவசரத்துக்கு நிறுத்தும் ஸ்விட்ச்) கயிற்றைக் கழற்றுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைச் செல்ஃப் மோட்டார் டெர்மினலிலும் வைத்துச் சில நொடி செல்ஃப் அடியுங்கள். அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பிளஸ் கேபிளோ நடுவில் உள்ள ஸ்விட்சோ போய்விட்டது. பேட்டரி மைனஸ்ஸுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவிலும் இப்படியே பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் பேட்டரி கடைக்குப் போக வேண்டும்.