அடிவாரத்து வெயிலை நம்பி ஏறாதீர்கள்: ஒயிட் மவுண்டன் தேசிய வனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலும் அதை அடுத்த மேய்ன் மாநிலத்திலுமாகப் பரந்திருக்கும் ஒயிட் மவுண்டன் தேசிய வனத்தில் ஆண்டு முழுவதும் மலையேறுகிறார்கள், பனியில் சறுக்குகிறார்கள், கூடாரமிட்டுத் தங்குகிறார்கள். வனம் சூழ்ந்த வாஷிங்டன் சிகரத்தின் உயரம் 1,917 மீட்டர்தான் என்பதால், பலர் அதை ஒரு பகல் பொழுதில் முடித்துவிடக்கூடிய எளிய மலையாகக் கருதிவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு இந்த எண்ணமே வேர்.

1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவான சிகரம் அது. ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல் மரங்கள் நின்றுபோவதால் அங்கே காற்றுக்கும் மழைக்கும் மறைவு கிடையாது. அடிவாரத்தில் வெயில் காயும் ஜூலை நாளில்கூட உச்சியில் குளிர் நடுக்கும். எனவே அடிவார ஊரின் வானிலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பாமல், சிகரத்தில் இயங்கும் வானிலை ஆய்வகம் உயர்முகடுகளுக்கென்று வெளியிடும் முன்னறிவிப்பைப் படிக்க வேண்டும். கோடையிலும் பருத்தி ஆடை வேண்டாம். வியர்வையிலோ மழையிலோ நனைந்த பருத்தி எளிதில் உலராமல் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். உடல்வெப்பம் குறையத் தொடங்கியவருக்கு முதலில் தடுமாறுவது சிந்தனைதான் என்பதால், தாம் ஆபத்தில் இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. கம்பளி அல்லது செயற்கை இழை ஆடையும், காற்றும் மழையும் புகாத மேலாடையும் பையில் இருந்தே ஆக வேண்டும்.

நாள்காட்டியில் வசந்தம் பிறந்துவிட்டால் பனி போய்விட்டது என்று எண்ணுவது அடுத்த தவறு. வாஷிங்டன் சிகரத்தின் சரிவிலுள்ள டக்கர்மன் பள்ளத்தாக்கில் வசந்தகாலச் சறுக்கலுக்குக் கூட்டம் சேரும் நாட்களிலும் பனிச்சரிவுகள் நிகழும்; ஆகையால் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படிக்காமல் அங்கே கால்வைக்கக் கூடாது. ஆழ்ந்த பனியில் பனிநடைக் காலணி அணியாமல் வெறும் பூட்ஸுடன் நடப்பவர், ஒவ்வோர் அடிக்கும் இடுப்புவரை புதைந்து களைப்பதோடு, பின்னால் வருபவரின் கணுக்காலை முறிக்கக்கூடிய குழிகளையும் விட்டுச் செல்கிறார். பனி உருகிப் பாதை சேறாகும்போது, சேற்றுக்கு அஞ்சி ஓரமாக நடந்தால் பாதை அகன்று செடிகள் அழியும். சேற்றின் நடுவிலேயே நடந்துவிடுவதுதான் காட்டுக்கு நாம் செய்யும் மரியாதை.

கைப்பேசியை மட்டும் நம்பக் கூடாது. பள்ளத்தாக்குகள் பலவற்றில் சிக்னல் கிடைக்காது, குளிரில் பேட்டரியும் விரைவில் இறங்கிவிடும். காகித வரைபடம், திசைகாட்டி, நெற்றிவிளக்கு மூன்றும் உடனிருக்கட்டும்.

கவனக்குறைவால் மீட்கப்பட நேர்ந்தவரிடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் மீட்புச் செலவைக் கேட்கலாம். ஆனால் செலவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இரவில் உறைபனியில் நம்மைத் தேடி வருபவர்களில் பலர் தன்னார்வலர்கள் என்பதே. டிசம்பரில் மாலை நான்கே கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. ஆகவே திரும்ப வேண்டிய நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே குறித்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, அந்த நேரம் வந்ததும் சிகரம் கண்ணெதிரே தெரிந்தாலும் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.